கடலோர வீட்டில் சன்னல் கைப்பிடிகளை மாற்ற ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய எங்கள் வீட்டில், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பொருத்திய யுபிவிசி (கடின நெகிழி) சன்னல்களில் ஆறின் கைப்பிடிகள் உப்புக் காற்றால் அரித்துவிட்டன. வெள்ளைப் பூச்சு கொப்புளித்து உரிந்து, உள்ளிருக்கும் துத்தநாகக் கலப்புலோகம் உதிர்கிறது. அம்மாவின் அறையில் கைப்பிடி முறிந்தே போனதால், சன்னல் கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதைச் சரிசெய்தாக வேண்டும்.

ஒரு கைப்பிடியின் அடிமூடியைத் திருப்பி, இரண்டு திருகாணிகளையும் கழற்றி அளந்து பார்த்தேன். துளைகளுக்கு இடையே 43 மி.மீ., உள்ளே நுழையும் சதுரக் கம்பியின் தடிமன் 7 மி.மீ. இவை பரவலாகக் கிடைக்கும் அளவுகள்தாம். ஆனால் அந்தக் கம்பி அடித்தட்டிலிருந்து 35 மி.மீ. நீண்டிருக்க, உள்ளூர்க் கடைகளில் காட்டியவை எல்லாம் அதைவிடக் குட்டையானவை. அவை உள்ளிருக்கும் பூட்டு அமைப்பைச் சரியாகப் பற்றாது என்று அஞ்சுகிறேன். நீளமானதை வாங்கி அறுத்துக்கொள்வது சரியான வழியா?

துருப்பிடிக்காத எஃகில் 316 வகையில் மாலிப்டினம் இருப்பதால், 304 வகையைவிட அது உப்பரிப்பைத் தாங்கும். கடலோரத்தில் 316 வகைக் கைப்பிடிகளைப் பயன்படுத்தியவர்கள், எங்கே வாங்கினீர்கள், எத்தனை ஆண்டுகள் தாங்கின என்று தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

இன்னொன்று. இரண்டு சன்னல்களில் திருகாணிகள் துருவேறி இறுகி, தலைகளும் தேய்ந்துவிட்டன. பின்னாலுள்ள பூட்டு அமைப்புக்குச் சேதமின்றி அவற்றை வெளியே எடுத்த அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.