பள்ளிக்கூடச் சேதி: அரையாண்டு முடிந்தது, வளைவுக்கு முன்னால் சைக்கிள்

அன்பான நம்மூர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று இருபது நாள் விடுப்பில் சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்திருக்கிறேன். நல்லபடியாக முடிந்தது. கேட்டு எழுதிய எல்லோருக்கும் நன்றி. கட்டைப் பிரித்த மறுநாளே, "வாசல்ல கோலத்த யாருடி இப்படிக் கோணலாப் போட்டது" என்று கேட்டுவிட்டார். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

மன்னை எக்ஸ்பிரஸில் நீடாமங்கலத்தில் இறங்கியபோது இன்னும் இருட்டு விலகவில்லை. மழை விட்டு நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பாமணியாறு கரை தொட்டு ஓடுகிறது. சம்பா பால் பிடித்து நிற்கிறது, பள்ளத்து வயலில் மட்டும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. வயல் சேதியைத் தம்பி தனியாக எழுதுகிறேன் என்றான், அவனிடமே விட்டுவிடுகிறேன். நான் எழுத வந்தது நம் நடுநிலைப் பள்ளியைப் பற்றி, அதன் வாசலில் வளைவு கட்டலாம் என்று போன மாதம் நம் குழுவில் வந்த யோசனையைப் பற்றியும்.

தேர்வின் கடைசி நாள் மதியம் போனேன். பெரிய பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு, சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டாம் பருவத் தேர்வு என்று பேர். அவர்களைக் கேட்டால் இரண்டுக்கும் ஒரே அர்த்தம்: நாளையிலிருந்து லீவு. இந்த வருஷமும் மழை விடுமுறை நிறைய. காலை ஆறு மணிக்கே எழுந்து ஆட்சியர் அறிவிப்புக்காக டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்களாம், பள்ளிக்கு எழுப்பினால் எழாத பிள்ளைகள். விட்ட நாளையெல்லாம் சனிக்கிழமைகளில் ஈடுகட்ட வேண்டியிருப்பதால் ஜனவரியில் சனிக்கிழமை வகுப்பு உண்டு என்று தலைமையாசிரியை சொன்னார். மழையில் ஏழாம் வகுப்பு அறையில் மேற்கு ஓரம் ஒழுகியிருக்கிறது. சுவரில் ஓதம் ஏறி, உலக வரைபடத்தில் ஆப்பிரிக்கா ஊறிப்போயிருந்தது.

வாசலில் நின்ற தூங்குமூஞ்சி மரம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயலில் அது சாய்ந்தது. அந்த இடத்தில் அப்போது வைத்த புங்கை இப்போது இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் போய்விட்டது. சாப்பாட்டு மணி அடித்ததும் எட்டாம் வகுப்புப் பெண்கள் அதன் அடியில்தான் உட்காருகிறார்கள். அவர்களோடு நானும் உட்கார்ந்தேன். இந்த மடலில் உள்ள பாதி விஷயம் அங்கே கேட்டதுதான்.

அதற்கு முன்னால் ஒரு சங்கடமான சேதியைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷம் முன்பு நாமெல்லாம் காசு போட்டு வாங்கிக் கொடுத்த ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் ஓடவில்லை. கெட்டுப்போகவில்லை, ஃபில்டர் மாற்றவில்லை. யார் மாற்றுவது என்று நாம் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மேலே ஒரு பூப்போட்ட துண்டைப் போர்த்தி, பக்கத்தில் நாம் கொடுத்த பெயர்ப் பலகையைப் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார்கள். பலகையில் என் பெயரும் இருந்தது. பார்க்க வெட்கமாக இருந்தது.

சமையற்கூடத்தில் சேதி நல்லது. 2023 ஆகஸ்ட் 25 அன்று நம் பக்கத்துத் திருக்குவளையில்தான் காலை உணவுத் திட்டத்தைத் தமிழகம் முழுக்க விரிவாக்கித் தொடங்கினார்கள். அதிலிருந்து நம் பள்ளியிலும் காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாறி மாறி நடக்கிறது. நாற்றுப் பறிக்கவும் நடவுக்கும் விடியற்காலையில் கிளம்பிப் போகிற தாய்மாருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் திட்டம் வகுத்தபோதே ஒன்று முதல் ஐந்து வரைக்கும் என்றுதான் வகுத்தார்கள். நம்முடையது எட்டு வரை உள்ள பள்ளி. ஒரே வளாகத்தில் தங்கை சாப்பிடுகிறாள், ஆறாவது படிக்கிற அக்கா தூணோரம் நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். "பசிக்கலையா" என்றால், "நான் வீட்லயே சாப்பிட்டேன் ஆன்ட்டி" என்கிறாள். அவள் அம்மா ஐந்தரை மணிக்கே வேலைக்குப் போனது எனக்குத் தெரியும்.

எண்ணிக்கை குறைந்துகொண்டுதான் வருகிறது. காலை ஏழே காலுக்கு மஞ்சள் வேன் வாய்க்கால் பாலத்தில் வந்து ஹாரன் அடிக்கிறது, ஐந்தாவது முடித்ததும் கொஞ்சம் வசதி உள்ளவர்கள் பிள்ளையை அதில் ஏற்றிவிடுகிறார்கள். அது அவரவர் விருப்பம், என் பிள்ளைகளை நான் எங்கே படிக்க வைத்தேன் என்று திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒரு கணக்கைப் பெற்றோர் தெரிந்துகொண்டாவது ஏற்ற வேண்டும். மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிப் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் கிடைப்பதற்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டுதான் அடிப்படை. பத்தாவதுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஆறாவதிலேயே கதவு சாத்திக்கொள்கிறது. ஊரில் யாரிடமாவது போனில் பேசும்போது இதைச் சொல்லுங்கள். டீச்சர் சொன்னால் பள்ளிக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள், சிங்கப்பூர் சித்தி சொன்னால் கேட்கிறார்கள். நியாயமில்லைதான், ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

எட்டாம் வகுப்பில் இப்போது எல்லோர் வாயிலும் என்.எம்.எம்.எஸ். என்கிற ஒரே பேச்சு. தேசிய வருவாய் வழி, திறன் உதவித்தொகைத் தேர்வு. ஏழாவதில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 90 கேள்வி, ஒன்று மனத்திறன், இன்னொன்று பாட அறிவு. தேறி இடம் பிடித்தால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், ஆக மொத்தம் 48,000. வயல் வேலைக்குப் போகிற வீட்டில் இது எவ்வளவு பெரிய தொகை!

கணக்கு வாத்தியார் நான்கு மணிக்கு மேல் ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார். எண் தொடர், கடிகாரக் கணக்கு, கண்ணாடிப் பிம்பம், ரத்த உறவுக் கேள்வி. அந்த உறவுக் கேள்வியில் நம் பிள்ளைகள் புலி. 'என் தந்தையின் தங்கையின் மகன் எனக்கு யார்' என்று கேட்டு முடிப்பதற்குள், "அத்தான்!" என்று நாலு குரல் வருகிறது. தண்ணீர்த் தொட்டிக் கணக்கில்தான் தடுமாறுகிறார்கள். வாத்தியார் அதையே மேட்டூர் அணைக்கு மாற்றி, ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு என்று வைத்துப் போட்டபோது எல்லோருக்கும் வந்துவிட்டது. மாதிரி வினாத்தாள் நகலெடுக்க அவர் கையிலிருந்து செலவழிக்கிறார். கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார், ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மழை மூட்டத்தில் வகுப்பு முடிவதற்குள் இருட்டிவிடுகிறது என்று முற்றத்தில் விளக்கோடு ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுத் தருகிறேன் என்றாராம் ஊரில் ஒருவர். தலைமையாசிரியை ஒரேயடியாக மறுத்துவிட்டார். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீயில் இழந்த பிறகு பள்ளிக்குள் கீற்று என்ற பேச்சே கூடாது, அதுவும் நம் பக்கத்தில். அவர் மறுத்தது சரி.

இப்போது புங்கை மரத்தடிக்கு வருகிறேன். எட்டாவதில் ஏழு பெண்கள். "ஒன்பதாவது எங்கே?" என்று சும்மாத்தான் கேட்டேன். நான்கு பேர் உயர்நிலைப் பள்ளி பெயரைச் சொன்னார்கள். ஒருத்தி, "அப்பா பாக்கலாம்னு சொல்லியிருக்கார்" என்றாள். இரண்டு பேர் பேசவே இல்லை, ஒருத்தி மட்டும் கீழே கிடந்த புங்கங்காயை உரித்துக்கொண்டிருந்தாள்.

உயர்நிலைப் பள்ளி ஐந்து கிலோமீட்டர். பெண்களுக்குப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, 2021இலிருந்தே இல்லை. பஸ்ஸும் இல்லை, அதுதான் சிக்கல். முதல் பஸ் ஏழு மணிக்கு, அடுத்தது பத்துக்கு மேல். அரசாங்கச் சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில்தான் கிடைக்கும். ஆக எட்டு முடிந்து சைக்கிள் கைக்கு வருவதற்குள் நடுவில் இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தில்தான் நம்மூரில் பெண்பிள்ளைகள் நிற்கிறார்கள். நான் ஒன்பதாவது போன வருஷம் எங்கள் வகுப்பில் ஐந்து பெண்கள், போனது இரண்டு பேர். எனக்கு அப்பாவின் பழைய ராலே சைக்கிள் இருந்தது, பாருக்குக் கீழே காலை விட்டு குரங்குப் பெடல் போட்டாவது போய்ச் சேர்ந்தேன். மற்ற மூன்று பேரில் ஒருத்தி என்னைவிட நன்றாகப் படித்தவள். நேற்று அவள் வீட்டு வாசலில் நின்று பேசினேன். அவள் பேத்தி இதே பள்ளியில் இரண்டாவது படிக்கிறாள். உதவித்தொகைத் தேர்வில் தேறினாலும் ஒன்பதாவதில் சேர்ந்தால்தான் பணம் வரும் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில்தான் வளைவு விஷயம் வருகிறது. போன மாதம் துபாயிலிருக்கும் மேலத்தெரு மாமா, பள்ளி வாசலில் கிரானைட் வைத்து நுழைவு வளைவு கட்டலாம் என்று எழுதியிருந்தார், இருபது பேருக்கு மேல் ஆதரவு சொன்னீர்கள். மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் மனசு பெரிது, மழைக் காலத்தில் நிவாரண அரிசிக்கு முதலில் பணம் அனுப்பியவர் அவர்தான். ஆனால் அந்த வளைவுக்குள் நுழையப் பிள்ளை வேண்டும், நுழைந்த பிள்ளை வெளியே வந்து அடுத்த பள்ளிக்கும் போக வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இன்று அந்தப் பள்ளியில் படிப்பவர்களில் பெரும்பாலோர் காலனித் தெருப் பிள்ளைகள். இந்தக் குழுவில் அந்தத் தெருவிலிருந்து எத்தனை பேரைச் சேர்த்திருக்கிறோம்? அவர்களிலும் திருப்பூரிலும் மலேசியாவிலும் இருப்பவர்கள் உண்டு. வளைவில் யார் பெயர் வரும் என்று பேசுவதற்கு முன்னால் அந்த வேலையைச் செய்யலாம்.

என் யோசனை சின்னதுதான். பன்னிரண்டு முடித்த பிள்ளைகளின் அரசாங்கச் சைக்கிள்கள் ஊரில் வீட்டுக்கு வீடு நிற்கின்றன. நம் தெருவில் மட்டும் நான்கு பார்த்தேன். ஒன்று மாட்டுக் கொட்டகையில், அதன் கேரியரில் கோழி அடைகாக்கிறது. கடைத்தெரு சைக்கிள் கடை அண்ணனிடம் கேட்டேன். ஓவராயில் பண்ணி, டயர், டியூப், பிரேக் கட்டை மாற்றி, வீல் கோட்டம் எடுத்துத் தர வண்டிக்கு ஆயிரத்து ஐநூறுக்குள் ஆகும் என்கிறார். ஆயிலும் கிரீஸும் என் கணக்கு என்றார், கேட்காமலே. பத்து வண்டி தயாரானால் ஜூனில் ஒன்பதாவது போகிற பிள்ளைகள், பையன்களையும் சேர்த்துத்தான், எல்லோருக்கும் கிடைத்துவிடும். பதினொன்றாவதில் அவர்களுக்குப் புதுச் சைக்கிள் வந்ததும் பழையதை அடுத்த வருஷப் பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. வண்டியில் யார் பெயரும் எழுத வேண்டாம்.

ஆனால் நாமே முடிவு செய்து அனுப்பிவிடக் கூடாது. ஆர்.ஓ. இயந்திரத்தில் செய்த தப்பு அதுதான். பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று சட்டப்படி இருக்கிறது, அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள். பள்ளி திறந்ததும் ஜனவரியில் கூடுகிறார்கள். யாருக்கு முதல் வண்டி என்பதை அவர்களே சொல்லட்டும், தலைவி ரொம்பத் தெளிவான பெண். நான் நேரில் பேசிவிட்டுத்தான் கிளம்புவேன்.

மற்றபடி வரப்போகிற நிகழ்ச்சிகள். பொங்கல் விடுமுறைக்கு முந்தைய நாள் பள்ளியில் பொங்கல் வைக்கிறார்கள், கரும்புக்குக் கீழத்தெரு அண்ணன் பொறுப்பேற்றுவிட்டார். குடியரசு நாள் கொடியேற்றத்துக்கு ஊரில் இருக்கும் பழைய மாணவர்கள் எல்லோரும் எட்டரைக்கு வர வேண்டும் என்று அழைப்பு. வானவில் மன்றம் என்கிற அறிவியல் மன்றத்தில் ஆறு முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகள் செய்த சோதனைகளை அன்றைக்குப் பெற்றோருக்குக் காட்டப்போகிறார்கள். பெட்டி வைத்துப் பெரிஸ்கோப் செய்திருந்த ஒரு பையன், அதன் வழியாக மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஐஸ்காரர் வருகிறாரா என்று எனக்குச் செய்து காட்டினான். ஆண்டு விழா பிப்ரவரியில், தேதி இன்னும் முடிவாகவில்லை. மார்ச்சில் அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்காக ஊர்வலம் போவார்கள், மேளத்துக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள்.

விருப்பமுள்ளவர்கள் பொங்கலுக்குள் எனக்குப் பதில் எழுதுங்கள். பணத்தைவிட முதலில் எனக்குத் தேவை ஒரு கணக்கு: உங்கள் வீட்டிலோ மாமியார் வீட்டிலோ சைக்கிள் நிற்கிறதா, கொடுக்க வீட்டில் சம்மதமா. ஃபில்டர் செலவை இந்த வருஷம் நான் கட்டிவிட்டேன், அடுத்த வருஷத்துக்கு யாராவது பெயர் கொடுங்கள். கோழி அடைகாக்கும் வண்டிக்கு மட்டும் இன்னும் பத்து நாள் அவகாசம் கேட்கிறார் அந்த வீட்டு ஆச்சி. குஞ்சு பொரித்ததும் எடுத்துக்கொள்ளலாமாம்.

அன்புடன்,
தெற்குத் தெரு சிங்கப்பூர்க்காரி