பித்தளை லைனரா, ஜெர்மன் சில்வரா? பழைய பாணி மடக்குக் கத்தி பற்றி ஒரு சந்தேகம்

நுனிக்கூர்:
அமெரிக்கக் கேஸ் கம்பெனியின் 6254 ட்ராப்பர் மடக்குக் கத்தி ஒன்று இருக்கிறது. சி.வி. (குரோம்-வனேடியம்) எஃகில் இரண்டு அலகு, கொத்து வேலை செய்த எலும்புக் கைப்பிடி, அதன் முனைகளில் ஜெர்மன் சில்வர் போல்ஸ்டர் (உலோகக் காப்பு), உள்ளே பித்தளை லைனர் (மெல்லிய உள்தகடு). அலகு மடங்கி உட்காரும் பள்ளத்துக்குள், லைனர் ஓரமாகப் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறது. குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் புளி போட்டுத் தேய்க்கலாமா? அடுத்து வாங்கும் கத்தியில் பித்தளையையே தவிர்த்துவிடலாமா? அமெரிக்காவில் சேகரிப்பவர்கள் சிலர் ஜெர்மன் சில்வர் லைனர் என்றால் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருக்கிறார்களே, அதற்குத் துரு காரணமா, அழகு காரணமா?

சாணைக்கல்:
புளி வேண்டவே வேண்டாம். குத்துவிளக்கு முழுக்கப் பித்தளை, தேய்த்துக் கழுவித் துடைத்தால் வேலை முடிந்தது. இங்கே பித்தளைத் தகட்டோடு ஒட்டியே எஃகு ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் துணி நுழையாது. போன புளித்தண்ணீர் அங்கேயே தங்கிவிடும். ஈரத்தில் பித்தளையும் எஃகும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது எஃகுதான். லைனர் பளபளக்கும், ஸ்பிரிங் உள்ளுக்குள் துருவேறும். எலும்பையும் அமிலம் வெளுத்துவிடும். எலுமிச்சை, வினிகர் எல்லாம் இதே கதைதான்.

அம்மோனியா கலந்த மெட்டல் பாலிஷும் ஆகாது. கைப்பிடியைப் பிடித்திருக்கும், தட்டி விரித்த பித்தளைப் பின்னுக்குள் இறுக்கம் தேங்கி நிற்கும். அதில் அம்மோனியா பட்டால் மயிரிழை வெடிப்பு விடலாம்.

செய்ய வேண்டியது இது. அலகின் கூர்வாயில் மாஸ்கிங் டேப் சுற்றுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினைப் பள்ளத்துக்குள் நாலைந்து சொட்டு விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். மறுநாள் மூங்கில் பல்குச்சியின் நுனியைத் தட்டையாகச் சீவி, நீளவாக்கில் வழித்தெடுங்கள். களிம்பு மெழுகுப் பதத்தில் திரண்டு வரும். காது பட்ஸால் துடைத்துவிட்டு, பஞ்சில் பச்சை வராத வரைக்கும் திரும்பச் செய்யுங்கள். ஊசி, ஸ்க்ரூடிரைவர் கொண்டு சுரண்டாதீர்கள். பித்தளை மெத்தென்றது, கோடு விழுந்தால் நிற்கும். கடைசியாக பிவட்டில் (அலகு சுழலும் அச்சில்) ஒரு சொட்டு விட்டு இருபது தடவை திறந்து மூடினால் கறுப்பாகக் குழம்பு கசியும். அதையும் துடைத்துவிட்டால் திறக்கும் இழுவையும் மூடும்போது வரும் ‘டக்’ சத்தமும் தெளிவாகிவிடும்.

எண்முனை:
உலோக விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது. ஏறத்தாழ 60 சதவீதமோ அதற்கு மேலோ செம்பு, பெரும்பாலும் 12 முதல் 18 சதவீதம் நிக்கல், மீதி துத்தநாகம். அதனால் அதுவும் மங்கும், நாள்பட்டால் பச்சையும் பூக்கும். பித்தளையைவிட மெதுவாக, அவ்வளவுதான். எஃகு ஸ்பிரிங் துருப்பிடிப்பதிலும் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டுமே செம்புக் கலவைதானே. துருவுக்குப் பயந்து ஜெர்மன் சில்வருக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் பொருளில்லை. அங்கே பேசுவது அழகுதான். கொம்பு, பழுப்பு எலும்பு என்றால் பக்கவாட்டில் ஓடும் அந்த மஞ்சள் கோடு எடுப்பாக இருக்கும். வெள்ளை எலும்பு, முத்துச்சிப்பி, கருங்காலி என்றால் பலருக்கு முழுக்க வெள்ளை உலோகம்தான் பிடிக்கும்.

எடையைச் சொல்லி பித்தளையை ஒதுக்குபவர்களும் உண்டு. கன சென்டிமீட்டருக்குப் பித்தளை சுமார் 8.5 கிராம், எஃகு 7.8, டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7. லைனர் மெல்லிய தகடு என்பதால் பித்தளைக்கும் எஃகுக்கும் வித்தியாசம் கையில் தெரியாது. சட்டமே பித்தளையாக இருந்தால்தான் கனக்கும். 1964-இல் வந்த, பித்தளைச் சட்டம் கொண்ட பக் 110 கத்தி சுமார் 200 கிராம்; அதை சட்டைப் பையில் போட முடியாது, இடுப்பு உறைதான்.

என் தேர்வு உங்களிடம் இருக்கும் சேர்க்கையேதான். அடிபடும் முனையில் கடினமான ஜெர்மன் சில்வர், அலகு உரசிப் போகும் இடத்தில் மெதுவான பித்தளை. எஃகோடு உரசினாலும் பித்தளை கவ்விப் பிடிக்காது. வாங்குமுன் வெளிச்சத்தில் பள்ளத்துக்குள் பாருங்கள்: லைனரின் ஒரு பக்கம் மட்டும் பளீரென்று தேய்ந்த கோடு இருந்தால் அலகு சாய்ந்திருக்கிறது, அல்லது பிவட் தளர்ந்திருக்கிறது. சாதாரண எஃகு லைனரில் பச்சை வராது, ஆனால் வியர்வைக் கைக்கும் கடற்கரைக் காற்றுக்கும் உள்ளேயே துருப்பிடித்து எலும்பைத் தூக்கிவிடும். அது எனக்கு ஒப்பாது.

நுனிக்கூர்:
நன்றி அண்ணா. இதுவரை தேங்காய் எண்ணெய்தான் போட்டு வந்தேன், கத்தி இருப்பது தோல் உறையில். ஒருவேளை அதுதானா?

சாணைக்கல்:
இரண்டுமே காரணம். சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளடைவில் காறி, அதில் வரும் கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து பச்சை சோப்பாகிவிடும். நீங்கள் வழித்தெடுக்கப் போவது பெரும்பாலும் அதுதான். நல்லெண்ணெய்க்கும் இதே கதி. தோலிலும் பதனிட்ட அமிலமும் கொழுப்பும் இருக்கின்றன, போதாததற்கு ஈரத்தையும் பிடித்து வைக்கும். பக் 110-ஐ மாதக்கணக்கில் உறையிலேயே விட்டவர்களின் பித்தளையில் இதே பச்சையைப் பார்க்கலாம். உறை வெளியே கொண்டுபோக மட்டும். வீட்டில் பருத்தித் துணியில் சுற்றி, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். எண்ணெய் வேண்டுமென்றால் லிக்விட் பாரஃபின். பழம் நறுக்காத கத்தி என்றால் தையல் மெஷின் எண்ணெய் போதும்.

பழையசாமான்:
விலை பற்றி யாரும் சொல்லவில்லை. களிம்பை எடுப்பது வேறு, பளபளப்பாக்குவது வேறு. களிம்பை எடுத்தால் யாரும் விலையைக் குறைக்கமாட்டார்கள். பஃபிங் சக்கரத்தில் காட்டிய கத்தியைத்தான் அனுபவசாலிகள் ஒதுக்குவார்கள். போல்ஸ்டர் ஓரம் மழுங்கியிருக்கும், எலும்புக் கொத்தின் மேடுகள் தேய்ந்திருக்கும், அலகின் அடிக்கட்டில் (பிவட்டை ஒட்டிய பகுதியில்) கம்பெனி முத்திரையின் ஆழம் குறைந்திருக்கும். கேஸ் கத்திக்கு அந்த முத்திரைதான் பிறந்த தேதி. 1970-இல் முத்திரையில் பத்துப் புள்ளி, பிறகு வருஷத்துக்கு ஒன்றாகக் குறைத்து 1979-இல் ஒரே புள்ளி. ஒரு புள்ளி அழிந்தாலும் வருஷம் மாறிவிடும். அடிக்கட்டுப் பக்கம் பாலிஷ் துணிகூடக் கொண்டுபோகாதீர்கள்.

பித்தளைப் பின்களையும் கவனியுங்கள். லைனர் கருத்திருக்க, பின் தலை மட்டும் புது மஞ்சளாக மின்னினால் கைப்பிடி மாற்றிய கத்தியாக இருக்கலாம். பின்னைச் சுற்றி எலும்பில் மயிரிழை விரிசல் சகஜம். விரிசல் ஓரம்வரை ஓடியிருந்தால் பேரம் பேசுங்கள்.

இன்னொன்று. சேகரிப்பில் செல்லுலாய்டு (பழைய கால பிளாஸ்டிக்) கைப்பிடிக் கத்தி இருந்தால் அதை இந்த ட்ராப்பரோடு ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. பழைய செல்லுலாய்டு சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு ஆவி விடும், ஈரத்தில் அது நைட்ரிக் அமிலம். முதலில் அதன் பித்தளை லைனர் பச்சையாகும், பிறகு பக்கத்துக் கத்திகளின் அலகும் பிவட்டும் துருப்பிடிக்கும். அதைக் காற்று இறுகாத தனி டப்பாவில் வைத்து மாதம் ஒருமுறை பாருங்கள். கற்பூர வாடையோடு சுரீரென்ற நெடி வந்தாலோ, கைப்பிடி பிசுபிசுத்து விரிசல் விட்டாலோ அதைக் காப்பாற்ற முடியாது. கைப்பிடியைக் கழற்றிவிட்டு உலோகப் பாகங்களை மட்டும் துடைத்து எண்ணெயிட்டு வையுங்கள்.