அம்பாசிடர் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின்: சம்ப் பேக்கிங் மாற்றியும் நிற்காத ஆயில் கசிவு

கேள்வி – காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1984ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 4. பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின்தான் இன்றும் அதில் ஓடுகிறது. தந்தையார் வாங்கிய வண்டி என்பதால் விற்க மனம் வரவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எஞ்சின் அடியில் ஆயில் கசிகிறது என்று பட்டறையில் விட்டபோது, ஆயில் தேங்கும் தொட்டியான சம்பைக் கழற்றி, அதன் விளிம்பில் கசிவைத் தடுக்கும் புதிய கார்க் பேக்கிங் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு மாதம் வரை தரை உலர்ந்திருந்தது. அதன் பிறகு மீண்டும் சொட்டத் தொடங்கி, இப்போது ஒவ்வொரு நாள் காலையிலும் உள்ளங்கை அகலத்துக்குக் கறை தெரிகிறது. அதே மெக்கானிக்கிடம் மூன்று முறை காட்டினேன். ஒவ்வொரு முறையும் சம்ப் போல்ட்டுகளை இன்னும் சற்று இறுக்கி அனுப்புவார். ஒரு வாரம் குறைந்தாற்போல் இருக்கும், பிறகு முன்பைவிடக் கூடுதலாகக் கசியும்.

வேறொரு பட்டறையில், இது சம்ப் பேக்கிங் அல்ல, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் பின்பக்கச் சீல் போய்விட்டது, எஞ்சினை இறக்கித்தான் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அந்தச் செலவைச் செய்யும் முன் உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன். சம்பை நானே வீட்டில் கழற்றி மாட்ட இயலுமா என்பதையும் சொல்லுங்கள். ஓரளவு கருவிகள் உண்டு. பிரேக் வேலைகளை நானே செய்து பழக்கம். ஒரு தகவல், தொடர்பு உண்டா என்று தெரியவில்லை: மழைநீர் உள்ளே வராதபடி எங்கள் கொட்டகைத் தரையைத் தெருவிலிருந்து மேல்நோக்கிச் சரிவாகப் போட்டிருக்கிறோம், வண்டியை முன்பக்கமாகவே உள்ளே விடுவது வழக்கம்.

பதில் – சாலைப்பறவை

பேக்கிங்கே வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு பரப்புகளையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சிலிகான் பசையைத் தாராளமாகப் பூசிச் சம்பை ஒட்டிவிடுங்கள். என்னுடைய இப்போதைய வண்டியில் கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வருகிறது. ஒரு சொட்டும் வெளியே வந்ததில்லை.

பதில் – பழம்பட்டறை

நண்பர் சாலைப்பறவை சொல்வது பசைக்கென்றே வடிவமைத்த புதிய எஞ்சின்களுக்குப் பொருந்தும். இந்த எஞ்சினுக்குப் பொருந்தாது. இதன் சம்பில் இருப்பது ஒற்றைப் பேக்கிங் அல்ல. இரு பக்க விளிம்புகளிலும் தட்டையான பேக்கிங் வரும். முன்னும் பின்னும், கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்குகளின் மூடிகளில் உள்ள வளைந்த பள்ளங்களில் கார்க் பட்டைகள் தனியாக உட்காரும். பக்கப் பேக்கிங்கின் கனத்தைக் கணக்கில் கொண்டுதான் அந்தப் பட்டைகளின் உயரம் வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் பேக்கிங்கை எடுத்துவிட்டுப் பசையை மட்டும் பூசினால் அந்தக் கணக்கு குலைந்து, கார்க் பட்டை அளவுக்கு மீறி நசுங்கி வெளியே பிதுங்கிவிடும். தாராளமாகப் பூசிய பசையில் ஒரு பகுதி உள்பக்கமும் பிதுங்கும். அது பிய்ந்து ஆயில் பம்பின் வலை வடிகட்டியில் போய் ஒட்டிக்கொண்டால், சொட்டு ஆயிலை மிச்சப்படுத்தப் போய் எஞ்சினையே இழக்க நேரிடும்.

இனி கேள்விக்கு வருகிறேன். எஞ்சினை இறக்கச் சொன்னவரிடம், எந்தச் சீலை மாற்றப்போகிறீர்கள் என்று தயவுசெய்து கேளுங்கள். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பிஎம்சி) வடிவமைத்த இந்த மூன்று பேரிங் எஞ்சினில், கிராங்கின் பின்முனையில் ரப்பர் சீல் என்று ஒன்று கிடையாது. கிராங்கிலேயே திருகுமரை போன்ற ஒரு சுருள் பள்ளம் வெட்டியிருப்பார்கள். கிராங்க் சுழலும்போது அந்தப் பள்ளம், வெளியே வர முயலும் ஆயிலை உள்நோக்கித் தள்ளிவிடும். அப்படித் திரும்பும் ஆயில் பேரிங் மூடியிலிருந்து ஒரு சிறு குழாய் வழியாகச் சம்புக்குள் இறங்கும். 1955இல் இங்கிலாந்தில் வந்த எம்ஜிஏ காருக்கும் இதே 1489 சிசி எஞ்சின் குடும்பம்தான் என்பதால், அந்த வண்டிக்காரர்களும் இதே சொட்டைப் பற்றித்தான் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிற்காலத்தில் யாராவது தனியாகச் சீல் பொருத்தி மாற்றியமைத்திருந்தால் தவிர, உங்கள் எஞ்சினில் மாற்றுவதற்குச் சீலே இல்லை.

நீங்கள் போகிற போக்கில் சொன்ன கொட்டகைச் சரிவு இங்கேதான் முக்கியமாகிறது. சுருள் பள்ளம் வேலை செய்வது கிராங்க் சுழலும்போது மட்டுமே. எஞ்சினை நிறுத்திவிட்டு, மூக்கு மேலே தூக்கியபடி வண்டியை இரவெல்லாம் வைத்திருந்தால், பின் பேரிங்கைச் சுற்றித் தேங்கிய ஆயிலைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. அது மெல்ல வழிந்து, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள கிளட்ச் ஹவுசிங்குக்குள் இறங்கி, அதன் அடியில் உள்ள சிறு துளை வழியாகச் சொட்டும். ஆகவே முதலில் செலவில்லாத ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு வாரம் வண்டியைப் பின்பக்கமாகக் கொட்டகையில் விடுங்கள், அல்லது சமதரையில் நிறுத்துங்கள். கறை எவ்வளவு குறைகிறது, எந்த இடத்துக்கு நகர்கிறது என்று அடியில் ஒரு அட்டையை விரித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் போல்ட்டை இறுக்க இறுக்கக் கசிவு கூடியது என்கிறீர்களே, அது சுருள் பள்ளத்தின் வேலை அல்ல. அங்கே சம்ப் விளிம்பும் கெட்டிருக்கிறது என்றே எண்ணுகிறேன். உங்களுக்கு இருப்பது ஒரு கசிவு அல்ல, இரண்டோ மூன்றோ கசிவுகள்.

பதில் – திருகுமரை

மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறையைப் பற்றி மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் பெரும்பாலான பட்டறைகளில் இதற்குத்தான் நேரம் ஒதுக்குவதில்லை. ஆயில் எப்போதும் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கியும் தள்ளும். அதனால் எஞ்சினின் மேலே எங்கே கசிந்தாலும், கடைசியில் சம்பின் பின்விளிம்பில் வந்து நின்றுதான் சொட்டும். சொட்டுகிற இடத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சம்ப் பேக்கிங் என்று சொல்லிவிடுவது எளிது.

எஞ்சின் நன்றாக ஆறியபின் மண்ணெண்ணெய் தோய்த்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழ்வரை கழுவித் துணியால் துடைத்து, ஒரு நாள் உலர விடுங்கள். பெட்ரோலால் கழுவ வேண்டாம். பிறகு சம்பின் விளிம்பைச் சுற்றியும் அதற்கு மேலுள்ள பிளாக்கின் மீதும் முகத்துக்குப் போடும் பவுடரை மெலிதாகத் தூவுங்கள். பத்து நிமிடம் எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, நிறுத்தியபின் டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவந்து மறுபடியும் பாருங்கள். பவுடரில் முதலில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் கசிவின் தாய்.

இந்த எஞ்சினில் குறிப்பாகப் பார்க்க வேண்டிய இடம், இடப்பக்கம் எக்ஸாஸ்ட் மேனிபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும், வால்வுகளை இயக்கும் டேப்பட்டுகளின் பக்க மூடிகள். அவற்றின் கார்க் பேக்கிங் எக்ஸாஸ்ட் சூட்டில் காய்ந்து கல்லாகிவிடும். கையும் எட்டாது, கண்ணுக்கும் தெரியாது என்பதால் பல ஆண்டுகளாக யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். எஞ்சினின் மேல்மூடியான ராக்கர் கவரின் பேக்கிங்கையும் முன்பக்க டைமிங் கவரையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, மூச்சுக்குழாய். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு எஞ்சினுக்குள்ளிருந்து வெளியேற வழி வேண்டும். அந்தக் குழாயோ ஆயில் ஊற்றும் மூடியோ கசடால் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எவ்வளவு நல்ல பேக்கிங்கையும் தாண்டி ஆயிலை வெளியே தள்ளும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா என்று கவனியுங்கள். அப்படி வந்தால் ரிங் தேய்மானம் வரை யோசிக்க வேண்டியிருக்கும். அது வேறு கதை.

காவிரிக்கரை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆறு நாட்கள் சோதித்தேன். வண்டியைப் பின்பக்கமாகக் கொட்டகையில் விட்டதும், கிளட்ச் ஹவுசிங்கின் துளைக்கு நேர் கீழே இருந்த கறை ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் இடப்பக்கச் சம்ப் விளிம்பில் சொட்டுவது நிற்கவில்லை. பவுடர் தூவிப் பார்த்ததில் இரண்டு கோடுகள் தெரிந்தன: ஒன்று பின்பக்கத்து டேப்பட் மூடியிலிருந்து இறங்குகிறது, மற்றொன்று சம்ப் விளிம்பிலேயே இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே தொடங்குகிறது. மூச்சுக்குழாயில் கறுப்புக் களிம்பு அடைத்திருந்தது; மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவிவிட்டேன். மூடியைத் திறந்தால் புகை அதிகம் இல்லை. எஞ்சினை இறக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்பைக் கழற்றப் போகிறேன். பேக்கிங் செட்டைச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலிருந்து உறவினர் வாங்கி அனுப்பியிருக்கிறார். கவனிக்க வேண்டியவற்றைச் சொல்வீர்களா?

பதில் – பழம்பட்டறை

முதலில் உங்கள் உயிர். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சமமான கெட்டித் தரையில் நிறுத்தி, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டுகள் வைத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஆயிலை வடித்தால் கசடும் சேர்ந்து இறங்கும். கொதிக்கும் நிலையில் திறந்தால் கை வெந்துவிடும். நான்கு லிட்டர் அளவுக்கு வரும் என்பதால் அகலமான பாத்திரம் வேண்டும். போல்ட்டுகளைக் கழற்றியதும் சம்பை நேராகக் கீழே இழுக்க முயலாதீர்கள். உள்ளே ஆயில் பம்பும் வடிகட்டியும் தொங்கிக்கொண்டிருக்கும். சற்றே சாய்த்து, அவற்றில் இடிக்காமல் இறக்க வேண்டும். ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டலாம். திருப்புளியைச் செருகி நெம்பினால் விளிம்பு கெட்டுவிடும்.

உங்கள் கசிவின் மூலத்தை நீங்கள் சம்பின் விளிம்பில்தான் பார்க்கப் போகிறீர்கள். மெல்லிய தகட்டால் ஆன விளிம்பு அது. திரும்பத் திரும்ப இறுக்கியதில் ஒவ்வொரு போல்ட் துளையைச் சுற்றியும் தகடு மேல்நோக்கிக் குழிந்திருக்கும். அதனால் துளையருகே பேக்கிங் நசுங்கி, இரண்டு துளைகளுக்கு நடுவே அழுத்தமே இல்லாமல் போயிருக்கும். சம்பைக் கழுவியபின் இரும்பு அளவுகோலை விளிம்பின்மீது வைத்து வெளிச்சத்துக்கு நேரே பாருங்கள், தெரியும். விளிம்பின் அடியில் கெட்டியான மரக்கட்டையையோ இரும்புத் தண்டவாளத் துண்டையோ கொடுத்து, சிறிய சுத்தியலால் துளைகளைச் சுற்றி மெதுவாகத் தட்டிச் சமப்படுத்துங்கள். அரை நாள் பிடித்தாலும் பரவாயில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பட்டறையில் செய்யாமல் விட்டது இதைத்தான் என்பது என் ஊகம்.

சம்ப் கீழே இருக்கும் வேளையில், பின் பேரிங் மூடியிலிருந்து இறங்கும் சிறு வடிகுழாயைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்திருந்தாலும் சுருள் பள்ளம் தள்ளும் ஆயிலுக்குப் போக்கிடம் இல்லாமல் பின்னாலேயே வரும்.

கடையில் பல காலம் கிடந்த கார்க் காய்ந்து சுருங்கியிருக்கும். துளைகள் பொருந்தவில்லை என்றால் இழுத்துப் பொருத்தாதீர்கள், பிய்ந்துவிடும். வெந்நீரில் சிறிது நேரம் போட்டு எடுத்தால் தானாக விரிந்து கொடுக்கும், ஈரத்தை ஒற்றிவிட்டு மாட்டலாம். முன்பின் வளைவுப் பட்டைகளைப் பள்ளத்தில் அழுத்தி உட்காரவைத்தபின், முனைகள் பக்கப் பேக்கிங்கின் மட்டத்தைவிட ஒரு மில்லிமீட்டர் போல உயர்ந்து நிற்குமாறு வெட்டுங்கள். பட்டையும் பக்கப் பேக்கிங்கும் சந்திக்கும் நான்கு மூலைகளிலும் மட்டும் பட்டாணி அளவு பசை வையுங்கள். மற்ற இடங்களில் பேக்கிங் நகராமல் இருக்கக் கிரீஸ் போதும். கார்க்கின் இருபுறமும் சிலிகான் பூசினால் அது வழுக்கி, இறுக்கும்போது வெளியே நழுவிவிடும்.

பதில் – திருகுமரை

போல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இவை கால் அங்குல யுஎன்எப் (நெருக்கமான அங்குல அளவு) மரை. தலைக்கு 7/16 ஸ்பானர். ஒரு போல்ட் காணாமல் போய்விட்டால் கைக்குக் கிடைத்த 6 மில்லிமீட்டர் போல்ட்டைப் போடுகிற வழக்கம் உண்டு. அது தளர்வாக ஏறி, பிளாக்கின் மரையைத் தின்றுவிடும். எல்லாப் போல்ட்டும் ஒரே இனமா என்று பார்த்துவிடுங்கள்.

இறுக்கும் அளவு வெறும் 6 அடி-பவுண்டு, அதாவது ஏறக்குறைய 8 நியூட்டன் மீட்டர். ஹெட் இறுக்கப் பயன்படும் பெரிய டார்க் ரெஞ்சு இவ்வளவு சிறிய அளவைச் சரியாகக் காட்டாது. நீண்ட கைப்பிடியைத் தவிர்த்து, ஸ்பானரின் நடுவில் இரண்டு விரலால் பிடித்து, நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி மாறி மாறி, மூன்று சுற்றுகளில் இறுக்குங்கள். பேக்கிங் விளிம்பைவிட்டுப் பிதுங்கத் தொடங்கினால் ஏற்கெனவே அதிகமாகிவிட்டது என்று பொருள். இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒரே ஒரு முறை, தளர்ந்திருப்பதை மட்டும் சரிபாருங்கள். அதற்குப் பிறகு ஸ்பானர் அந்தப் பக்கம் போகக் கூடாது.

காவிரிக்கரை

வேலை முடிந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. விளிம்பு நீங்கள் சொன்னபடியே ஒவ்வொரு துளையிலும் கிண்ணம்போல் குழிந்திருந்தது. சமப்படுத்த ஒரு முழுப் பிற்பகல் ஆயிற்று. பின் பேரிங்கின் வடிகுழாய் பாதி அடைத்திருந்தது. மொத்தப் போல்ட்டுகளில் இரண்டு 6 மில்லிமீட்டர். நல்லவேளையாகப் பிளாக்கின் மரை தப்பியது. டேப்பட் மூடியின் பழைய பேக்கிங் கையில் எடுத்ததும் ஓடு போல உடைந்தது. இப்போது இடப்பக்கம் முற்றிலும் உலர்ந்திருக்கிறது. வடித்த பழைய ஆயிலைக் கேனில் அடைத்து, கழிவு ஆயில் எடுப்பவரிடம் கொடுத்துவிட்டேன்.

சென்ற வெள்ளிக்கிழமை என் மகன் பழைய பழக்கத்தில் வண்டியை முன்பக்கமாகவே கொட்டகையில் விட்டுவிட்டான். காலையில் கிளட்ச் ஹவுசிங்குக்குக் கீழே நான்கு சொட்டு இருந்தது. அங்கே ஒரு பழைய தட்டை வைத்திருக்கிறேன்.