பட்டினி கிடந்தால் படம் வருமா?

கித்தான்:
வறுமையில்தான் கலை பிறக்கும் என்ற பேச்சு எழுந்தாலே முதலில் ஓவியர் வான்கோவை இழுத்துவருவார்கள். அவருக்கு மாதாமாதம் பணமும், கூடவே வண்ணக்குழாய், கேன்வாஸும் அனுப்பியது தம்பி தேயோ. அது நின்றிருந்தால் படம் ஏது? 1889-இல் நோய் முற்றிய வாரங்களில் அவர் வரையவே இல்லை. தெளிந்திருந்த நாட்களில் வந்தவைதான் நாம் பார்ப்பது.

வறுமை விட்ட தடம் படத்துக்கு அடியில் இருக்கும்: புதுக் கேன்வாஸுக்குக் காசில்லாமல் பழைய படத்தின்மேலேயே வரைவார்கள். பிக்காசோ 1901-இல் வரைந்த 'நீல அறை' என்ற ஓவியத்துக்குக் கீழே, கன்னத்தில் கைவைத்த ஓர் ஆண் இருப்பது அகச்சிவப்புப் படத்தில் தெரிந்தது. இதைப் பார்த்துப் பழைய எண்ணெய்ப் படத்தின்மேல் வரையப் போகிறவர்கள் கவனிக்க: வழவழப்பான பரப்பில் புதுப் பூச்சு பிடிக்காது, பிறகு செதில் செதிலாக உரியும். ஈரமான வாட்டர்புரூஃப் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, எண்ணெய் அடிப்பூச்சு கொடுங்கள். அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்ற நீர்வகை அடிப்பூச்சு வேண்டாம், எண்ணெய்மேல் நிற்காது. மிகப் பழைய படமென்றால் ஈய வெள்ளை என்ற நச்சு வண்ணம் இருக்கலாம். அதைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். இவ்வளவு செய்தாலும் பழைய தடித்த கோடுகள் புடைத்துக்கொண்டு நிற்கும். காசு மிச்சம், அவ்வளவுதான். கற்பனை ஒன்றும் கூடுவதில்லை.

எதுகை:
எழுத்தில் கதை கொஞ்சம் வேறு. இல்லாமை வடிவத்தைத் தீர்மானிக்கிறது. எழுதிய காகிதம் சிக்கினாலே ஆபத்து என்றிருந்த ஸ்டாலின் காலத்தில் ரஷ்யக் கவிஞர் அக்மதோவா வரிகளைத் துண்டுத்தாளில் எழுதிக் காட்டுவார். தோழி மனப்பாடம் செய்ததும் தாள் சாம்பலாகும். சோவியத் கைதி முகாமில் எழுத்தாளர் சோல்செனித்சின், ரொட்டியில் உருட்டிக் கோத்த மணிமாலையைக் கொண்டு வரிகளை எண்ணி நினைவில் வைத்தார். இரண்டுமே செய்யுள் என்பதைக் கவனியுங்கள். சந்தமும் இயைபும் அடுத்த வரியை இழுத்துவரும். ஒரு சொல் தவறினால் ஓசையே காட்டிக்கொடுத்துவிடும். உரைநடைக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. நாவலுக்குத் தாளும் மேசையும், தினம் சில மணி நேரத் தொடர்ச்சியும் வேண்டும். வறுமை முதலில் தின்பது அந்தத் தொடர்ச்சியைத்தான்.

மஞ்சள்காவி:
"தட்டுப்பாடு நல்லது" என்பவர்கள் பெரும்பாலும் தாமே வகுத்துக்கொள்ளும் கட்டுப்பாட்டைத்தான் சொல்கிறார்கள். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் செல்வந்தர். ஆனாலும் அவர் பெயரில் வழங்கும் வண்ணத்தட்டில் நான்கே நிறம்: வெள்ளை, மஞ்சள் காவி, வெர்மிலியன் என்ற பளிச்சிடும் சிவப்பு, ஐவரி கறுப்பு. கறுப்பில் வெள்ளை கலந்து சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தால் நீலமாகத் தோன்றும். கறுப்பும் காவியும் சேர்ந்தால் மங்கிய பச்சை. வெர்மிலியன் இல்லையா, காட்மியம் சிவப்பு போதும். முகம் வரைய அருமையான தட்டு. பளிச்சென்ற வானமோ கடலோ வேண்டுமென்றால் ஐந்தாவது குழாயைத் திறந்துதான் ஆகவேண்டும்.