ஆப்பிரிக்கன் வயலட் வீட்டிற்குள் பூக்க என்ன செய்யலாம்?

கேள்வி:
அன்பர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டிய தரை வீட்டில் வசிக்கிறேன். கேமரன் மலையிலிருந்து வாங்கி வந்தபோது ஊதாப் பூக்கள் நிறைந்திருந்த செடி, இப்போது காம்புகள் நீண்டு, மொட்டே வைக்காமல் நிற்கிறது. இலைகளில் வெளிறிய வளையங்களும் தென்படுகின்றன. காரணம் என்னவாக இருக்கும்?

பதில் 1:
அக்கா, காம்பு நீள்வது பெரும்பாலும் வெளிச்சக் குறைவின் அடையாளம். இளங்காலை வெயில் மட்டும் படும் கிழக்குச் சன்னலோரம் வையுங்கள். முன்கூரை மறைத்தால், செடிக்குச் சுமார் ஓரடி மேலே வெள்ளை எல்இடி குழல்விளக்கைத் தொங்கவிட்டு, நாள்தோறும் 12 முதல் 14 மணி நேரம் எரியவிடலாம்; இரவில் கட்டாயம் அணைத்துவிடுங்கள்.

பதில் 2:
வளையங்கள் நோயல்ல, குளிர்ந்த நீர் இலையில் பட்ட தழும்பு, அது மறையாது. அறை வெப்பத்தில் உள்ள நீரைத் தட்டில் ஊற்றி, மேல்மண் ஈரமானதும் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். நடுக்குருத்தில் நீர் தேங்கினால் செடி அழுகிவிடும் என்பதால் இதில் அலட்சியம் கூடாது.

பதில் 3:
தான்சானியாவின் உசம்பரா மலைக்காடுகளிலிருந்து 1892இல் ஐரோப்பாவுக்குச் சென்ற இச்செடிக்கு 18 முதல் 27 பாகை செல்சியஸ் உகந்தது. நம் துத்தநாகக் கூரையின் நண்பகல் வெக்கையே, என் கருத்தில், வெளிச்சக் குறைவைவிடப் பெரிய தடை. ஆகவே காற்றோட்டமான அறைக்கு மாற்றுங்கள். பெரிய தொட்டியும் வேண்டாம், இலைவிரிவில் மூன்றிலொரு பங்கு அகலமே போதும்.