புளோக்கில் தீ: அன்று இரவே எல்லாரையும் பேச வைக்கலாமா?

கேள்வி – தோபாயோ தொண்டர்
சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் தீப்பிடித்து நான்கைந்து தளத்துக்காரர்களைக் கீழே இறக்கினால், வசிப்போர் குழு மனநலத்துக்கு என்ன செய்வது என்று திட்டம் போடுகிறோம். அன்று இரவே வட்டமாக உட்கார வைத்து, நடந்ததைச் சொல்ல வைத்தால் பாரம் இறங்கும் என்கிறார் ஒருவர். சரியா? தமிழ் மட்டும் பேசும் பெரியவர்களும் உண்டு.

பதில் – மனநலத் தாதி
வேண்டாம். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்ட வைப்பது பின்னால் வரும் மனக்காயத்தைத் தடுப்பதில்லை. சிலருக்குக் கூட்டியும் விடும். உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் வழி: பார், காதுகொடுத்துக் கேள், உதவியோடு இணை. தானாகப் பேசுபவரைக் கேளுங்கள், தோண்டாதீர்கள்.

முதலில் மூச்சைப் பாருங்கள். புகையில் சிக்கியவருக்கு மூச்சிறைப்பு, தலைவலி, குழப்பம் இருந்தால் பதற்றம் என்று ஒதுக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம். தீயணைக்க வந்த குடிமைத் தற்காப்புப் படையினரிடம் காட்டுங்கள். அவர்கள் கிளம்பிவிட்டால் அவசர ஆம்புலன்ஸ் எண் 995ஐ அழையுங்கள்.

அடுத்து செருப்பு, மூக்குக்கண்ணாடி, இன்சுலின், பிரஷர் மாத்திரை, சார்ஜர். இவையின்றித் தவிப்பவரிடம் மனசைப் பற்றிக் கேட்டு என்ன பயன்? குடும்பத்தைப் பிரிக்காதீர்கள். வீட்டுக்கு எப்போது போகலாம் என்பதை ஒரே ஆள், அரைமணிக்கு ஒருமுறை, உறுதியான தகவலை மட்டும் சொல்லட்டும். புதுத் தகவல் இல்லையென்றால் அதையும் சொல்லட்டும். தகவல் நின்றால் வதந்தி கிளம்பும், பயம் ஏறும்.

பதில் – தேக்கா சமூக ஊழியர்
பெரியவர்களிடம் "மன உளைச்சலா?" என்றால், "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்றுதான் வரும். "ராத்திரி தூங்கினீங்களாம்மா? சாப்பாடு இறங்குதா? நெஞ்சு படபடங்குதா?" என்று கேளுங்கள். பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அதன் முன்னால் பாட்டி உண்மையைச் சொல்லமாட்டார், பிள்ளைக்கும் அது சுமை. பக்கத்து வீட்டார் தூக்க மாத்திரை நீட்டினால் தடுங்கள். முதல் மாதத்தில் டயசிபாம் வகை மருந்துகளை இதற்கு உலகச் சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை.

பதில் – மனநலத் தாதி
தேதிகளையும் திட்டத்தில் எழுதுங்கள். கெட்ட கனவு, திடுக்கிடல், பிள்ளை படுக்கையை நனைப்பது எல்லாம் முதல் வாரங்களில் வரும். பெரும்பாலோருக்குத் தானே அடங்கும். ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அனுப்புங்கள். ஆகவே இரண்டாவது வாரமும் ஐந்தாவது வாரமும் கதவைத் தட்டுங்கள். எல்லாரும் மறந்துபோகும் வேலை இதுதான். அறை வாடகைக்கு இருக்கும் வெளிநாட்டு ஊழியர்கள், பணிப்பெண்கள் பெயரும் பட்டியலில் இருக்கட்டும். பேச ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல உதவி எண் 1771. உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் தனியே விடாமல் உடனே தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767 அல்லது மனநலக் கழகத்தின் 6389 2222. மூன்றும் 24 மணி நேரமும் இயங்குகின்றன.