வொலிபோல் கீறினா பூசணிக்காய் மாதிரி வருகுது, ஆராவது சொல்லித்தாங்கோ

கோப்பாய்ப் பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட வாசிகசாலைச் சுவரில கழகத்தின்ர பேரும் ஒரு வொலிபோலும் கீறவேணுமெண்டு முடிவெடுத்து, நான் சித்திரத்துக்கு ஏ எடுத்தவன் எண்ட ஒரே காரணத்துக்காக (அதுவும் எட்டாம் வகுப்பில) வேலையை என்ர தலையில கட்டிப்போட்டினம். வட்டம் பிரச்சினை இல்லை, ஆணியும் நூலும் வச்சு மூண்டடி அகலத்துக்கு வடிவா வந்திட்டுது. உள்ளுக்க கோடு போட வெளிக்கிட்டாத்தான் சிக்கல். மேல இருந்து கீழ வளைச்சு வளைச்சுப் போட்டன், வழியால போன ஒரு அப்பு சைக்கிளை நிப்பாட்டிப் பாத்திட்டு "என்ன தம்பி, பூசணிக்காய் வியாபாரமோ" எண்டிட்டுப் போறார். அழிச்சுப்போட்டு குறுக்கால ஒரு கோடு போட்டா பாஸ்கட்போல். நெற்றில பாத்தா ஒரு படத்தில நேர்ப் பட்டியா இருக்கு, இன்னொண்டில சுழி சுழியா இருக்கு. மூண்டு நாளா வெண்கட்டியால கீறுறதும் ஈரத்துணியால துடைக்கிறதுமாக் கிடக்கு. வாற கிழமை பெயின்ற் அடிக்கவேணும். கீறவே தெரியாதவனுக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ.

நீர்வேலி வாழைக்குலை:
ஒரு கொடியும் ரெண்டு இலையும் சேத்துக் கீறிவிடு மச்சான், கமக்காரர் கழகமெண்டு பேரை மாத்துவம் 😂

சித்திர வாத்தி:
தம்பி, நீர் பந்தைக் கையில எடுத்துப் பாத்தனீரோ, இல்லாட்டி ஃபோனை மட்டும்தான் பாத்துக்கொண்டிருக்கிறீரோ? நான் கனகாலம் சித்திரம் படிப்பிச்சனான், பிள்ளையளும் இப்பிடித்தான், பாக்காமலே கீறத் தொடங்குவினம்.

கழகத்தில கிடக்கிற பழைய வெள்ளைப் பந்தொண்டை எடுத்து எண்ணிப் பாரும். 18 துண்டு வரும். மூண்டு மூண்டாச் சேந்து ஆறு கூட்டம். ஆறு பக்கம் எதுக்கு இருக்கு? பெட்டிக்கு. வொலிபோல் எண்டது காத்தடிச்சு ஊதின பெட்டிதான், வேறொண்டுமில்லை. ஒவ்வொரு பக்கத்திலயும் மூண்டு பட்டி, ஒரு பக்கத்தில பட்டி படுத்துக் கிடந்தா அதுக்குப் பக்கத்தில நிமிந்து நிக்கும். இது விளங்கினா அரைவாசி வேலை முடிஞ்சுது.

இப்ப அந்தப் பெட்டியின்ர ஒரு மூலையை உம்மட மூக்குக்கு நேர பிடியும். மூண்டு பக்கம் தெரியும், மூண்டு விளிம்பு ஒரு புள்ளியில வந்து சந்திக்கும், கெற்றப்போல் கவர்த்தடி மாதிரி. வட்டத்துக்குள்ள முதல் கீறவேண்டியது அந்தக் கவரை மட்டும்தான். அதோட வட்டம் மூண்டாப் பிரியும், பிறகு ஒவ்வொண்டுக்குள்ளயும் ரெண்டு கோடு, அவ்வளவுதான், மொத்தம் ஒன்பது கோடு.

அந்த ரெண்டு கோடும் எந்தப் பக்கமா ஓடுறதெண்டதிலதான் எல்லாரும் விழுறது. ஒவ்வொரு துண்டுக்கும் ரெண்டு பக்கமும் கவரின்ர கால் இருக்குதல்லோ, ஒரு காலோட சமாந்தரமா ஓடவேணும், மற்றக் காலில போய் முட்டி நிக்கவேணும். முதல் துண்டில வலப்பக்கக் காலோட ஓடவிட்டா மற்ற ரெண்டிலயும் வலக்காலோடதான், காத்தாடி மாதிரி ஒரே திசையில சுத்தி வரும். ஒண்டில மாறினாலும் பாக்கிறவனுக்கு எங்கையோ பிழையெண்டு படும், எங்கையெண்டு சொல்லத் தெரியாது. சுவரில ஏற முதல் ஒரு தோடம்பழத்தில பேனையால கீறிப் பாரும். ஆறு பக்கமும் சரியா வந்திட்டா பழத்தை உரிச்சுச் சாப்பிடலாம்.

கோப்பாய்ப் பெடியன்:
சேர், தோடம்பழத்தில வந்திட்டுது!! ரெண்டு பழம் போச்சு. பேப்பரிலயும் கீறினனான், காத்தாடி மாதிரிச் சரியாத்தான் சுத்துது, ஆனா பந்தாத் தெரியேல்ல, தட்டையா பென்ஸ் கார் அடையாளம் மாதிரிக் கிடக்கு. எங்க பிழைக்குது?

போர்ட் எழுதுறவன்:
மூண்டு காலும் சேருற சந்தியை நட்டநடுவில வச்சிருப்பாய், அதுதான். நடுவில வச்சா மூண்டு காலும் நேர்கோடாத்தான் தெரியும், உண்மையான பந்தைப் பிடிச்சுப் பாத்தாலும் அப்பிடித்தான். சந்தியைக் கொஞ்சம் இடப்பக்கமா மேல தள்ளு, மூண்டடி வட்டமெண்டா ஒரு அஞ்சாறு இஞ்சி. இப்ப வட்டத்தின்ர நடுவால போற கால் நேரா நிக்கும், மற்றதுகள் வாழைப்பழம் மாதிரி வளையும், எப்பவும் விளிம்புப் பக்கமாத்தான் வயிறு தள்ளவேணும், உள்ளுக்கு வளைஞ்சா பந்து குழியாப் போயிடும். உள்ளுக்க போடுற கோடுகளும் அப்பிடித்தான், விளிம்புக்குக் கிட்டப் போகப் போக வளைவு கூட, பட்டியின்ர அகலம் குறைய.

வளைவு கைக்கு வராட்டி ஒரு பச்சைத் தென்னோலையில ஈர்க்கு உரிச்சு, ரெண்டு நுனியையும் ஒராள் பிடிச்சு வளைக்க மற்றாள் அதோட ஒட்டி வெண்கட்டியை இழுங்கோ. நான் போர்டுகளுக்கு இப்பவும் அதுதான். காஞ்ச ஈர்க்கு வேண்டாம், முறிஞ்சு கண்ணுக்குள்ள அடிக்கும்.

இன்னொண்டு, உண்மையான பந்து சுத்தளவு 65 இலயிருந்து 67 சென்ரிமீற்றர், குறுக்கால 21 தான் வரும். நீ கீறுறது அதைவிட நாலு மடங்குக்கு மேல, அதால கோட்டையும் அந்தக் கணக்கில தடிப்பா விடு, மெல்லிசாப் போட்டா றோட்டில நிண்டு பாக்கேக்க ஒண்டும் தெரியாது. நிழலுக்குக் கறுப்பு அடிக்காத. வெள்ளைக்குள்ள கொஞ்சம் நீலமும் துளி கறுப்பும் கலந்து கீழ் வலப்பக்கமாப் பிறை மாதிரி அடி.

செற்றர்:
எல்லாரும் வெள்ளைப் பந்தையே சொல்லுறியள், இப்ப ஆர் வெள்ளைப் பந்தில விளையாடுறது? மஞ்சளும் நீலமும் அடிச்சாத்தான் சின்னப் பிள்ளைக்கும் வொலிபோலெண்டு தெரியும். நீ நெற்றில கண்ட சுழி, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில வந்த மிக்காசா கொம்பனிப் பந்து, அதில 8 துண்டுதான். 2019 இல வந்த அவையின்ர வி200டபிள்யூ பந்து திரும்பவும் 18 துண்டு, ஆனா துண்டுகள் வளைஞ்ச மாதிரி. வொலிபோல் 1991 இல இருந்து இலங்கையின்ர தேசிய விளையாட்டு, ஆனா நான் பாத்த சுவர் பாதியில பாஸ்கட்போல்தான் கிடக்கு.

சித்திர வாத்தி:
நிறம் அடிக்கட்டும், நான் மறிக்கேல்ல. ஆனா சுழியில தொடங்கினா இந்தப் பிள்ளை இன்னும் நாலு தோடம்பழம் தின்னவேண்டி வரும். பழைய பந்தின்ர பட்டியிலயே மஞ்சளையும் நீலத்தையும் மாறி மாறி அடியும்.

கோப்பாய்ப் பெடியன்:
முடிச்சாச்சு! சந்தி இடப்பக்கம் மேல, ஈர்க்கு பிடிச்சது தங்கச்சி, மஞ்சள் நீலம் ரெண்டு கோட். எல்லாருக்கும் பெரிய நன்றி. நூல் ஒரு இடத்தில ஆணியில சுத்துப்பட்டதை நான் கவனிக்கேல்ல, அடிப்பக்கம் துளி சப்பையாப் போச்சு. அந்த அப்பு இண்டைக்கும் வந்தவர், கனநேரம் பாத்திட்டு "பந்துதான், ஆனா காத்துக் காணாது" எண்டவர்.

செற்றர்:
பந்துக்குள்ள காத்தமுக்கம் சதுர சென்ரிமீற்றருக்கு 0.30 இலயிருந்து 0.325 கிலோ இருக்கவேணும், சட்டப் புத்தகத்தில கிடக்கு. அப்புவிட்ட கேஜைக் குடு, அளந்து சொல்லட்டும்.

நீர்வேலி வாழைக்குலை:
பக்கத்தில ஒரு சைக்கிள் பம்பையும் கீறிவிடு மச்சான்.